கடல் கடந்த கல்வி

நுழையும்முன்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பயில விண்ணப்பிக்கும் தமிழக மாணவரின் எண்ணிக்கை இன்று பெருகியுள்ளது. கடவுச்சீட்டு, மதிப்பெண் சான்று, பரிந்துரைக் கடிதம், உதவித்தொகை, நுழைவிசைவு என அவர்கள் கடக்க வேண்டிய படிகள் பல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலத்தில், சென்னையிலிருந்து தனியொருவராகப் புறப்பட்டு இப்படிகளைக் கடந்தவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். அவர் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

மதுரவாயலில் ஒரு மூதாட்டி

சென்னைக் கோயம்பேட்டிலிருந்து மேற்கே பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது மதுரவாயல். இன்று மேம்பாலங்களும் அடுக்குமாடிக் கட்டடங்களும் இடைவிடாத போக்குவரத்தும் நிறைந்த பகுதி அது. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் கள ஆய்வகம் இருந்தது. 1970ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையத்தில் மதிப்புறு அறிவியலாளராக இணைந்த எழுபத்து மூன்று வயது மூதாட்டி ஒருவர், அந்தக் கள ஆய்வகத்தையே வீடாகவும் பணியிடமாகவும் கொண்டார். செடிகளை வளர்த்தார், அவற்றின் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார், கட்டுரைகள் எழுதினார். எளிய உடையும் எளிய உணவுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இலண்டனில் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு இடையே ஆய்வு செய்தவர். நாட்டின் முதல் பிரதமரது அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பியவர் இவர் என்பதை அச்சாலையில் சென்றவருள் அறிந்தோர் சிலரே. உலகெங்கும் சென்ற அவரது பயணம் மதுரவாயலில் வந்து நிறைவுற்றது. அது தொடங்கிய இடத்தை முதலில் காண்போம்.

தோட்டமும் நூலகமும்

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் உள்ள தலச்சேரியில் 1897 நவம்பர் 4ஆம் நாள் ஜானகி பிறந்தார். தந்தை ஈ.கே. கிருஷ்ணன் நீதித்துறையில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். இயற்கை அறிவியலில் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைத்தார். மலபார்ப் பகுதிப் பறவைகளைப் பற்றி எழுதினார். தாய் தேவி. பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது.

செடிகளின் பெயரைக் கேட்டும் இலைகளைத் தொட்டுப் பார்த்தும் வளர்ந்த ஜானகிக்குத் தந்தையின் தோட்டமே முதல் பள்ளியாயிற்று. பூ ஏன் இந்த நிறம் கொண்டது, விதை எவ்வாறு தாய்ச்செடியின் இயல்பைச் சுமந்து செல்கிறது என்பன போன்ற வினாக்கள், பிற்காலத்தில் அவரது வாழ்நாள் ஆய்வாக விரிந்தன.

இரு வழிகள்

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். கல்லூரிப் படியேறிய பெண்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். வசதியும் கல்வியும் வாய்த்த குடும்பங்களில்கூடப் பெண்ணின் படிப்பு திருமணத்தோடு நின்றுவிடும். ஜானகியின் தமக்கையர் ஒவ்வொருவராகத் திருமணமாகிச் சென்றனர். அடுத்து ஜானகியின் முறை வந்தது.

அவர் கல்வியைத் தேர்ந்தார். அன்றைய சூழலில் அது எளிய முடிவன்று. திருமணத்தை மறுத்த பெண்ணுக்குச் சமூகத்தில் உரிய இடமோ, படித்த பெண்ணுக்கு உறுதியான வேலையோ இல்லாத காலம் அது. எனினும் அவர் சென்னைக்கு வந்தார். 1914இல் தொடங்கப்பெற்ற, சென்னையின் முதல் மகளிர் கல்லூரியான இராணி மேரிக் கல்லூரியில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதனையடுத்து மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியேற்றார்.

மதிப்புமிக்க பணி, தம் காலில் நிற்கும் வாழ்க்கை. அத்துடன் அவர் நிறைவடைந்திருக்கலாம். ஆனால், தாவரச் செல்லின் உள்ளே நிகழ்வனவற்றை ஆராயும் புதிய அறிவியல் மேலைநாடுகளில் அப்போது விரைந்து வளர்ந்து கொண்டிருந்தது. அதனை அதன் களத்திலேயே கற்க விழைந்தார் ஜானகி.

ஓர் உதவித்தொகையும் அதன் வினாவும்

பெண்ணொருத்தி அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயில்வதற்கு அன்று இரு பெருந்தடைகள் இருந்தன. முதலாவது, பல்கலைக்கழகங்களின் கதவு. புகழ்பெற்ற கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். இரண்டாவது, பணம். கடற்பயணம், கல்விக் கட்டணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கான செலவை ஒரு பெண்ணின் படிப்பிற்காக ஏற்கும் குடும்பங்கள் மிகச் சிலவே.

இவ்விரு தடைகளையும் நீக்கும் வழியொன்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1870ஆம் ஆண்டிலேயே மாணவியரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் முன்னாள் மாணவரும் வழக்கறிஞருமான லீவை பார்பர் என்பவர் ஆசிய நாடுகளில் பயணம் செய்தபோது, மிச்சிகனில் மருத்துவம் கற்றுத் தாயகம் திரும்பிய பெண்கள் தம் மக்களுக்கு ஆற்றிவந்த தொண்டைக் கண்டார். அதன் பயனாக, ஆசியப் பெண்கள் மிச்சிகனில் பயில்வதற்கென 1917இல் ஓர் உதவித்தொகையை நிறுவினார். அறிவியல், மருத்துவம், கணிதம் முதலாகத் தத்தம் நாட்டின் வளர்ச்சிக்கு இன்றியமையாத துறைகளைப் பெண்கள் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இந்நோக்கத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் எவ்வளவு மதிப்பெண் பெற்றார் என்பதோடு அவ்வுதவித்தொகை நின்றுவிடவில்லை. கற்கும் கல்வி விண்ணப்பிப்பவரின் மண்ணுக்கு எவ்வாறு பயன்படும் என்னும் வினாவும் அதனுள் பொதிந்திருந்தது. இன்றும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, விண்ணப்பத்துடன் நோக்க அறிக்கை ஒன்றைக் கேட்கின்றன. எதைக் கற்க விரும்புகிறோம், ஏன் விரும்புகிறோம், கற்றதைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பவற்றை அதில் எழுத வேண்டும். ஜானகி அம்மாள் இவ்வினாவிற்கு அளித்த விடையைத் தேடி எந்தக் கோப்பையும் புரட்ட வேண்டியதில்லை. அடுத்து வந்த அறுபது ஆண்டுகளில் அவர் வாழ்ந்த வாழ்க்கையே அந்த விடை.

எல்லிஸ் தீவில் காத்திருப்பு

1924ஆம் ஆண்டு பார்பர் உதவித்தொகை பெற்று ஜானகி அமெரிக்கா சென்றார். வாரக்கணக்கில் நீளும் கப்பல் பயணம். அதன் முடிவில் அவருக்கு உடனடி வரவேற்பு கிடைத்துவிடவில்லை. 1917இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதி மக்கள் அந்நாட்டில் குடியேறுவதைத் தடுத்திருந்தது. மாணவர்களுக்கு அதில் விலக்கு இருந்தபோதும், ஒருவர் மாணவர்தாம் என்பதை அலுவலர்கள் ஏற்க வேண்டும். நியூயார்க்குத் துறைமுகத்தை அடுத்த எல்லிஸ் தீவில், குடிவரவுத் தகுதி உறுதியாகும்வரை ஜானகி தடுத்து வைக்கப்பட்டார்.

நீண்ட கருங்கூந்தலும் பட்டுச் சேலையுமாய் நின்ற அவரை இந்திய இளவரசியோ என எண்ணி அங்கிருந்தோர் வினவினராம். அவர் அதனை மறுக்கவில்லையாம். பிற்காலத்தில் நகைச்சுவையோடு அவர் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. நகைப்பின் பின்னே ஓர் உண்மையும் உண்டு. பல்கலைக்கழகம் தகுதியுடையவர் எனத் தேர்ந்தெடுத்த பின்னரும், நாட்டின் எல்லையில் மீண்டும் ஒருமுறை தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இன்று நுழைவிசைவுக்காகத் தூதரக வாயிலில் கோப்புடன் நிற்கும் மாணவர் இந்நிலையை நன்கு உணர்வர். உரிய சான்றுகளும் கலங்காத உள்ளமும் அன்றும் தேவைப்பட்டன, இன்றும் தேவைப்படுகின்றன.

மிச்சிகனில் மலர்ந்த ஆய்வு

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் மகளிர் விடுதியில் தங்கிப் பயின்றார் ஜானகி. மழையும் வெயிலும் மட்டுமே அறிந்த மலபார்ப் பெண்ணுக்கு உறைபனிக் காலம் புதிது, உணவும் புதிது. ஆய்வகமோ அவருக்குப் பிறந்த வீட்டுத் தோட்டத்தின் தொடர்ச்சியாக விளங்கியது. பேராசிரியர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட் தலைமையிலான தாவரவியல் துறையில் செல் மரபியலைக் கற்றார். முதுநிலைப் பட்டம் பெற்றபின் சென்னை திரும்பி, தாம் முன்பு பணியாற்றிய கல்லூரியிலேயே மீண்டும் கற்பித்தார். பின்னர், பார்பர் ஆய்வு நல்கை பெற்று இரண்டாம் முறையாக மிச்சிகன் சென்றார். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிகாண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களை ஆராய்ந்து, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று போற்றப்பெறுகிறார்.

தெரிந்து தெளிவோம்

உயிரினங்களின் மரபுப் பண்புகளைத் தாங்கும் இழைகள் குரோமோசோம்கள் எனப்படும். பெரும்பாலான உயிர்களின் உடற்செல்களில் இவை இரண்டு தொகுதிகளாக இருக்கும். சில தாவரங்களில் மூன்று, நான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட தொகுதிகள் காணப்படும். இந்நிலையைப் பன்மடியம் என்பர். கரும்பு, கோதுமை ஆகியன பன்மடியப் பயிர்கள். பன்மடியத் தாவரங்களில் இலையும் மலரும் பருத்திருப்பதுண்டு. கால்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொண்டு இந்நிலையைச் செயற்கையாகவும் உருவாக்கலாம்.

கோவையும் கரும்பும்

தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள், திருவனந்தபுரம் மகாராசா அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார்.

தடித்த தண்டும் மிகுந்த இனிப்பும் கொண்ட கரும்பினம் நியூகினி முதலிய தீவுகளிலிருந்து பரவியது. நம் ஆற்றங்கரைகளில் நாணல்போல் தானே வளரும் காட்டுக்கரும்பு, இனிப்புக் குறைந்தது. ஆயினும் நோயையும் வறட்சியையும் தாங்கவல்லது. இவ்விரண்டையும் கலந்து நம் மண்ணுக்கேற்ற புதிய கரும்பு வகைகளைக் கோவை அறிவியலாளர்கள் உருவாக்கி வந்தனர். இக்கலப்புகளின் செல்களுக்குள் நிகழும் மாற்றத்தை ஜானகி அம்மாள் ஆராய்ந்தார். எந்த இனத்தை எந்த இனத்தோடு கலந்தால் என்ன விளையும் என்பதைக் குரோமோசோம்களின் எண்ணிக்கையைக் கொண்டு விளக்கினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து, இரு வேறு பேரினங்களுக்கு இடையிலான கலப்பையும் உருவாக்கிக் காட்டினார். காட்டுக்கரும்பின் பரவலை ஆராய்ந்து, அதன் பிறப்பிடம் இந்தியா என்னும் கருத்தையும் முன்வைத்தார்.

மிச்சிகனில் கற்ற நுட்பம் உழவரின் வயலைத் தேடி வந்த காலம் இது. 1935இல் சர் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. எனினும், ஆண்களே நிறைந்திருந்த அறிவியல் உலகில், மணமாகாத தனிப்பெண்ணாகவும், பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பெற்ற சமூகத்தில் பிறந்தவராகவும் அவர் எதிர்கொண்ட இடர்கள் பல.

குண்டுமழையில் ஓர் ஆய்வகம்

1939 ஆகஸ்டு மாதம் எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார் ஜானகி அம்மாள். அந்நாள்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை பணியாற்றினார். குண்டுகள் விழும் இரவுகளில் கட்டிலுக்கடியில் பதுங்குவார். விடிந்ததும் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்தெறிந்துவிட்டு ஆய்வைத் தொடர்வார். அறிஞர் சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூல் 1945இல் வெளிவந்தது.

பின்னர் விஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் செல்லியலாளராகப் பணியாற்றினார். அங்கு மக்னோலியா மரக்கன்றுகளைக் கால்ச்சிசின் கொண்டு ஆராய்ந்தார். அவற்றுள் ஒரு வகை அவர் பெயரையே தாங்கி, வெண்ணிற மலர்களுடன் இளவேனிலில் பூக்கிறது.

தாயகத்தின் அழைப்பு

இங்கிலாந்தில் அவருக்கு நற்பெயரும் நல்ல பணியும் இருந்தன. அவர் அங்கேயே வாழ்ந்து முடித்திருந்தாலும் குறைகூறுவார் எவருமிலர். 1951இல் பிரதமர் சவகர்லால் நேரு, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணிக்கு அவரை அழைத்தார். ஜானகி அம்மாள் திரும்பி வந்தார். நாட்டின் தாவரச் செல்வம் இந்தியராலேயே திரட்டப்பட்டு, இந்தியாவிலேயே பாதுகாக்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்திற்குத் தலைமையேற்றார், சம்முவிலும் பணியாற்றினார்.

பூமியின் தோற்றத்தை மாற்றுவதில் மனிதனின் பங்கு குறித்து 1955இல் அமெரிக்காவின் பிரின்சுடனில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அறிஞர் இவரே. சிறு உழவர்களும் பழங்குடியினரும் காத்துவந்த தாவர அறிவின் மதிப்பை அவர் இடைவிடாது எடுத்துரைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956இல் தன் பழைய மாணவிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. இந்திய அரசு 1977இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

காட்டுக்காக ஒரு குரல்

ஜானகி அம்மாள் மதுரவாயலில் வாழ்ந்த காலத்தில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் உருவாகியிருந்தது. அணை எழுந்தால் தொன்மையான மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். எண்பது வயதைக் கடந்திருந்த அவர் அத்திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அப்பள்ளத்தாக்குத் தாவரங்களின் குரோமோசோம்களைக் கணக்கிட்டுப் பதிவு செய்யும் பணியிலும் ஈடுபட்டார். கரும்பின் விளைச்சலைப் பெருக்கப் பயன்பட்ட அதே அறிவு, இப்போது காட்டைக் காக்கப் பயன்பட்டது.

1984 பிப்ரவரியில், தம் எண்பத்தாறாம் வயதில் ஜானகி அம்மாள் மறைந்தார். இறுதிவரை அவர் ஆய்வுப்பணியை விடவில்லை. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. அவர் காக்க விரும்பிய காடு இருக்கிறது.

பயணத்தின் பொருள்

இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் மாணவர், தம் வீட்டிலிருந்தபடியே உலகின் எந்தப் பல்கலைக்கழகத்திற்கும் விண்ணப்பம் அனுப்பலாம். தகுதியுடையோர்க்கு அரசும் பல்கலைக்கழகங்களும் உதவித்தொகை வழங்குகின்றன. விண்ணப்பம் ஏற்கப்படுவதும் மறுக்கப்படுவதும் உண்டு. மறுக்கப்பட்டதனால் ஒருவரின் அறிவு குறைந்துவிடுவதில்லை. அயல்நாடு செல்லாமலே அருஞ்செயல் புரிந்தோரும் நம்மிடையே பலர் உள்ளனர்.

கற்றதை எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்னும் வினாவோ, உள்ளூரில் படிப்பவர்க்கும் கடல் கடந்து படிப்பவர்க்கும் பொதுவானது. அதற்கு உண்மையான விடையை உடையவருக்கு எந்தப் படிப்பும் வீண்போவதில்லை. ஜானகி அம்மாளின் விடை கோவையின் கரும்பு வயலில் இருந்தது; பாலக்காட்டு மழைக்காட்டில் இருந்தது; நாம் நாள்தோறும் கடந்து செல்லும் மதுரவாயலிலும் இருந்தது.

கற்பவை கற்றபின்

1. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயில விண்ணப்பிப்பதாகக் கருதி, நீங்கள் கற்க விரும்பும் துறை, அதற்கான காரணம், கற்றபின் ஆற்றவிருக்கும் பணி ஆகியவற்றை விளக்கி ஒரு பக்க நோக்க அறிக்கை எழுதுக.

2. அயல்நாட்டில் உயர்கல்வி பயில உதவித்தொகை வழங்கும் திட்டங்கள் இரண்டினைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் பகிர்க.

3. உயர்கல்விக்காக அயல்நாடு செல்வோர் தாயகம் திரும்ப வேண்டும் என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.